அரண்மனைகளின் வரலாறு: எரிந்த கோட்டையின் இடத்தில் எழுந்த ஸ்டாக்ஹோம் மாளிகை

ஸ்டாக்ஹோம் அரண்மனை நிற்கும் இடம் நகரின் பழைய தீவில் வடகிழக்கு ஓரமாக உள்ள ஒரு மேடு. தீவின் மேற்கில் மேலரன் ஏரி, கிழக்கில் பால்டிக் கடலின் கழிமுகம். ஏரித் தண்ணீர் கடலில் சேரும் குறுகிய நீர்வழிகள் தீவின் வடக்கிலும் தெற்கிலும் ஓடுகின்றன. உள்நாட்டுக்குப் போகும் சரக்குப் படகானாலும் கொள்ளைக்கு வரும் கப்பலானாலும் இந்த வழியாகத்தான் வந்தாக வேண்டும். 13-ஆம் நூற்றாண்டில் இந்த மேட்டில் ஒரு காவல் கோபுரமும் அதைச் சுற்றி மதிலும் எழுந்ததற்கு இந்த அமைப்பே காரணம். ஸ்டாக்ஹோம் என்ற பெயர் ஏட்டில் முதலில் காணப்படுவது 1252-இல். அப்போது நாட்டை நடத்தியவர் பிர்யெர் யார்ல். கோபுரத்தின் அடிவாரத்தில் வணிகர்கள் குடியேறி, ஊர் வளர்ந்து, தலைநகரமாயிற்று. அரண்மனையின் கட்டுமான வரலாறு அந்தக் கோபுரத்திலிருந்தே தொடங்குகிறது.

முதல் மூன்று நூற்றாண்டுகளில் அது கோட்டையாகவே இருந்தது. டென்மார்க்கின் பிடியிலிருந்து நாட்டை மீட்டு 1523-இல் அரசரான குஸ்தாவ் வாசா கொத்தளங்களைப் பலப்படுத்தினார். அழகு பார்க்க அவருக்கு அவகாசம் இருக்கவில்லை. அவர் மகன் மூன்றாம் யோஹான் வேறு வகை மனிதர். 1568 முதல் 1592 வரை ஆண்ட அவருக்குக் கட்டடக் கலையில் தீராத ஆர்வம். பிளாண்டர்ஸிலிருந்து வந்த சிற்பியும் கட்டடக் கலைஞருமான வில்லெம் பாய் அவரிடம் பணியாற்றினார். கோட்டைக்குள் தேவாலயமும் விசாலமான கூடங்களும் எழுந்தன. முரட்டு மதில்களுக்குள் மறுமலர்ச்சிக் கால மாளிகை ஒன்று உருவாயிற்று. நடுவில் நின்ற பழைய வட்டக் கோபுரம் உயர்த்தப்பட்டு, அதன் உச்சியில் ஸ்வீடன் அரசின் சின்னமான மூன்று மகுடங்கள் பொருத்தப்பட்டன. அதிலிருந்து கோட்டைக்கே ‘த்ரே குரோனூர்’, அதாவது ‘மூன்று மகுடங்கள்’ என்ற பெயர் நிலைத்தது.

17-ஆம் நூற்றாண்டில் ஸ்வீடன் வட ஐரோப்பாவின் வல்லரசானது. முப்பதாண்டுப் போர் 1648-இல் முடிந்தபோது பால்டிக் கரையின் பெரும்பகுதி அதன் கையில் இருந்தது. ஆனால் வெளிநாட்டுத் தூதர்களை வரவேற்கும் அரசரின் வீடு, பல காலங்களில் பல கைகள் ஒட்டுப்போட்டுக் கட்டிய கோட்டை. ஒன்றுக்கொன்று ஒவ்வாத கூரைகள், கோணல் முற்றங்கள், மரத் தாழ்வாரங்கள். ஜான் த லா வாலே, மூத்த நிக்கோதேமுஸ் தெசீன் ஆகிய கட்டடக் கலைஞர்கள் புதுப்பிப்புத் திட்டங்களை வரைந்தார்கள். அவை தாளோடு நின்றன. மூத்த தெசீன் ஜெர்மானியக் கரையில் உள்ள ஸ்ட்ரால்சுண்டில் பிறந்தவர். நகருக்கு வெளியே மேலரன் ஏரித் தீவு ஒன்றில் உள்ள டிராட்னிங்ஹோம் மாளிகையை 1662-இல் தொடங்கியவர் அவரே.

நாட்டுக்கு இன்றைய அரண்மனையைத் தந்தவர் அவருடைய மகன். 1654-இல் பிறந்த இளைய நிக்கோதேமுஸ் தெசீனை 1673-இல் தந்தை ரோமுக்கு அனுப்பினார். அரியணையைத் துறந்து அந்நகரில் வாழ்ந்த ஸ்வீடனின் முன்னாள் அரசி கிறிஸ்டினாவின் ஆதரவு அவருக்குக் கிடைத்தது. கட்டடக் கலைஞர்களான பெர்னினியின் அருகில் இருந்து பார்க்கவும், கார்லோ பொந்தானாவிடம் கற்கவும் முடிந்தது. 1681-இல் தந்தை இறந்தபோது அவருடைய பணிகள் மகனிடம் வந்தன. 1680-களின் பிற்பகுதியில் மறுபடியும் பயணம் செய்து பாரிஸையும் வெர்சாயையும் பார்த்தார். வெளித்தோற்றத்துக்கு ரோம், உள்ளலங்காரத்துக்குப் பிரான்ஸ் என்ற முடிவுக்கு அவர் வந்தது இந்தப் பயணங்களில்தான். ஸ்டாக்ஹோம் அரண்மனை முழுவதும் இந்த முடிவின்படியே அமைந்தது. அவர் இறந்த பிறகும் அது மாறவில்லை.

அப்போது ஆண்ட பதினொன்றாம் கார்ல் சிக்கனக்காரர். பிரபுக்களிடம் போய்ச் சேர்ந்திருந்த அரச நிலங்களை மீட்டுக் கருவூலத்தை நிரப்பியவர். கோட்டை முழுவதையும் இடித்துக் கட்ட அவர் சம்மதித்திருக்க மாட்டார். 1690-களின் தொடக்கத்தில் வடக்குப் பகுதியை மட்டும் மாற்றியமைக்க அனுமதித்தார். தெசீன் அதையே வாய்ப்பாகப் பிடித்துக்கொண்டார். பழைய மதிலை உள்ளடக்கியபடி நீண்டு உயர்ந்து நின்றது புதிய வடவரிசை: ஒழுங்கான சன்னல் வரிசைகள், கூரையை மறைக்கும் கைப்பிடிச் சுவர், கோபுரமோ கூம்போ இல்லாத நேர்கோடு. ரோமின் பிரபுக்கள் வசித்த மாளிகை ஒன்றைப் பெயர்த்து வடதுருவக் குளிருக்குள் கொண்டுவந்து வைத்தது போன்ற தோற்றம். உள்ளே வேலை செய்யப் பாரிஸிலிருந்து கலைஞர்கள் வந்தார்கள். அங்கே ஸ்வீடனின் தூதராக இருந்த தானியேல் குரோன்ஸ்ட்ரோம் ஆட்களைத் தேடிப்பிடித்து அனுப்பினார். அப்படி வந்தவர்களில் சிற்பி ரெனே சோவோ முக்கியமானவர். பதினொன்றாம் கார்லின் நடைக்கூடம் என்று இன்று அழைக்கப்படும் நீண்ட கூடத்தில் அவர் கைவண்ணத்தைக் காணலாம். வெர்சாயின் கண்ணாடிக் கூடத்தை முன்மாதிரியாகக் கொண்ட கூடம் அது. ஒரு பக்கம் சன்னல்கள், எதிர்ப்பக்கம் கண்ணாடிகள். சுவரும் விதானமும் சேரும் விளிம்பில் வெள்ளைச் சுதையில் உருவங்கள் பாதி வெளியே சாய்ந்தபடி இருக்கின்றன. அவற்றுக்கு மேலே ஓவியர் ஷாக் பூக்கே வரைந்த விதான ஓவியங்கள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பார்ப்பதற்கென்றே செய்யப்பட்ட வேலை இது. இன்றும் அரசர் தரும் பெரிய விருந்துகள் இந்தக் கூடத்தில்தான் நடக்கின்றன.

1697 ஏப்ரலில் பதினொன்றாம் கார்ல் கோட்டையிலேயே இறந்தார். வயது 41. அடக்கம் நடக்கவில்லை, உடல் கோட்டையில் வைக்கப்பட்டிருந்தது. வாரிசான பன்னிரண்டாம் கார்லுக்கு வயது 14. மே 7-ஆம் தேதி பிற்பகல், அரசவைக் கூடத்துக்கு மேலிருந்த மச்சில் தீ காணப்பட்டது. தீக்காவலுக்கு நியமிக்கப்பட்டவர்கள் தங்கள் இடத்தில் இருக்கவில்லை. பழைய கோட்டையின் கூரைக்கட்டும் மாடிகளும் மரம். தீ மச்சு வழியாக ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குத் தாவியது. அரச குடும்பத்தார் வெளியேறினார்கள். இறந்த அரசரின் உடலும் வெளியே கொண்டுவரப்பட்டது. மூன்று மகுடங்களைத் தாங்கிய கோபுரம் இடிந்து விழுந்தது. தீக்காவலர்கள்மீது பின்னர் விசாரணை நடந்தது. இரு வரிசையாக நிற்கும் சிப்பாய்களின் நடுவே அடி வாங்கியபடி நடக்க வேண்டிய கடுந்தண்டனை அவர்களுக்கு விதிக்கப்பட்டது.

கட்டடத்தைத் திரும்பக் கட்டலாம். அன்று எரிந்த ஏடுகள் திரும்ப வரவில்லை. நாட்டின் ஆவணக் காப்பகமும் அரச நூலகமும் கோட்டைக்குள்தான் இருந்தன. நூலகத்தில் இருந்த சுமார் 24,000 அச்சு நூல்களில் ஏறத்தாழ 17,000 அழிந்தன. கையெழுத்துப் பிரதிகளில் பெரும்பகுதி போயிற்று. காப்பகத்தின் நிலையும் அதுவே. ஸ்வீடனின் இடைக்கால வரலாற்றையும், அப்போது அதன் பகுதியாக இருந்த பின்லாந்தின் வரலாற்றையும் எழுதுபவர்கள் இந்த இழப்பை இன்றும் உணர்கிறார்கள். மிஞ்சியவை சன்னல் வழியாக முற்றத்துக்கு வீசப்பட்டவை. முப்பதாண்டுப் போரின் முடிவில் பிராகாவிலிருந்து கொள்ளைப் பொருளாக எடுத்து வரப்பட்ட ‘கோதெக்ஸ் கீகாஸ்’ அப்படித் தப்பியவற்றில் ஒன்று. ஏறத்தாழ 75 கிலோ எடையுள்ள அந்தத் தோல் ஏட்டுத் தொகுதியைத் தூக்கி எறிய இரண்டு மூன்று பேர் தேவைப்பட்டிருப்பார்கள். அது இன்று ஸ்டாக்ஹோம் தேசிய நூலகத்தில் இருக்கிறது.

புகை அடங்கியபோது, புதிதாகக் கட்டிய வடவரிசையின் தடித்த சுவர்கள் நின்றுகொண்டிருந்தன. மற்றவை இடிபாடு. அரச குடும்பம் பக்கத்துத் தீவான ரித்தர்ஹோல்மனில் உள்ள ரங்கேல் மாளிகைக்குக் குடிபோனது. தற்காலிக ஏற்பாடு என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். சில வாரங்களுக்குள் தெசீன் முழு அரண்மனைக்கான வரைபடங்களை, இளம் அரசரின் சார்பில் ஆண்ட ஆட்சிக் குழுவின் முன் வைத்தார். இவ்வளவு விரைவில் ஒரு மனிதர் இவ்வளவு பெரிய திட்டத்தை வரைந்துவிட முடியாது. வடவரிசையைக் கட்டும்போதே மற்ற மூன்று பக்கங்களும் அவர் மனத்தில் உருவாகியிருக்க வேண்டும். சிக்கனக்கார அரசர் அனுமதிக்காததைத் தீ அனுமதித்தது என்றே சொல்ல வேண்டும்.

அந்தத் திட்டத்தை விரிவாகப் பார்ப்பது தகும். நடுவில் சதுரத்துக்கு நெருங்கிய முற்றம். அதைச் சுற்றி நான்கு வரிசைக் கட்டடங்கள். நடுக்கட்டடத்தின் அளவு ஏறத்தாழ 115 மீட்டருக்கு 120 மீட்டர். நான்கு முகப்புகளுக்கும் தெசீன் நான்கு பொருள் கொடுத்தார். தெற்கு முகப்பு நாட்டுக்கு உரியது. ரோமானிய வெற்றி வளைவின் சாயலில் வாசல் அமைந்தது. மேற்கு அரசருக்கு, அங்கே ஸ்வீடன் அரசர்களின் உருவப் பதக்கங்கள். கிழக்கு அரசிக்கு, தோட்டமும் கடலும் பார்த்த பக்கம். வடக்கு முகப்பு பொதுவாக முடியாட்சியைக் குறிப்பது. அலங்காரம் குறைவு, கம்பீரம் அதிகம். மேற்கில் இரண்டு வளைந்த சிறு கட்டடங்கள் வெளிமுற்றத்தை அணைத்து நின்றன. கிழக்கில் தாழ்ந்த இரு சிறகுகளுக்கு நடுவே ‘லூகோர்தன்’ தோட்டம். வடக்கில் நீரை நோக்கி இறங்கும் இரட்டைச் சாய்தளம். அதில் வைப்பதற்கு இரண்டு வெண்கலச் சிங்கங்கள் 1700-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே வார்க்கப்பட்டன. ரோமில் பார்த்த பர்னேசே மாளிகையும், பாரிஸின் லூவருக்காக பெர்னினி வரைந்து கட்டப்படாமல் போன திட்டமும் இதன் பின்னணியில் இருக்கின்றன. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. ரோமின் மாளிகைகள் தெரு நெரிசலுக்குள் நிற்கின்றன. இது மூன்று பக்கம் திறந்த வெளியில் நிற்பதால் எங்கிருந்து பார்த்தாலும் முழுதாகத் தெரியும்.

தெசீன் தம் சொந்த வீட்டையும் தெற்கு முகப்புக்கு நேர் எதிரே கட்டிக்கொண்டார். சிறிய மனை; ஆனால் ஆழமாகப் போகும் தோட்டத்தின் முடிவில் தூண் வரிசையைக் குறுக்கி அமைத்து, தொலைவு கூடித் தெரியும்படி செய்தார். அந்த வீடு இன்றும் இருக்கிறது. ஸ்டாக்ஹோம் ஆளுநர் அங்கே வசிக்கிறார். நீருக்கு அப்பால் உள்ள கரைவரை நீளும் ஒரு பெரிய திட்டமும் அவரிடம் இருந்தது: அரண்மனைக்கு நேர் எதிரே பெரிய தேவாலயம், இடையே பாலம், சதுக்கம். அதில் பாலம் மட்டும் 1800-களின் தொடக்கத்தில் வந்தது.

புதிய அரண்மனை சில ஆண்டுகளில் முடிந்துவிடும் என்று எதிர்பார்க்கப்பட்டது. 1700-இல் டென்மார்க், போலந்து, ரஷ்யா ஆகியவற்றோடு பெரும் வடக்குப் போர் தொடங்கியது. இளம் அரசர் பன்னிரண்டாம் கார்ல் அந்த ஆண்டு படையோடு தலைநகரை விட்டுப் போனார்; பிறகு ஸ்டாக்ஹோமுக்குத் திரும்பவே இல்லை. போர்க்களத்திலிருந்தும் அவர் அரண்மனை வேலையைக் கைவிடவில்லை. பணம் வந்துகொண்டிருக்கும்வரை சுவர்கள் உயர்ந்துகொண்டிருந்தன. 1709-இல் பொல்தாவாவில் ரஷ்யாவிடம் ஸ்வீடன் தோற்றது. அதோடு பணம் நின்றது; வேலையும் நின்றது. அடுத்த ஆண்டு தலைநகரில் கொள்ளைநோய் பரவியது. 1718-இல் நார்வே எல்லையில் ஒரு கோட்டை முற்றுகையின்போது அரசர் குண்டடிபட்டு இறந்தார். 1721-இல் அமைதி வந்தபோது ஸ்வீடன் பால்டிக் பேரரசை இழந்திருந்தது. வல்லரசுக்காகத் திட்டமிட்ட மாளிகை, கூரை முழுமையாகாத சுவர்களோடு, வறுமைப்பட்ட நாட்டின் தலைநகரில் நின்றது.

வேலையைக் கைவிட்டுவிட யாருக்கும் காரணம் இருந்திருக்கும். அரசரின் அதிகாரம் குறைந்து நாடாளுமன்றம் ஓங்கிய காலம் அது. ஆனாலும் நாடாளுமன்றமே 1720-களின் பிற்பகுதியில் பணம் ஒதுக்கி வேலையை மறுபடி தொடங்கிவைத்தது. தெசீன் அந்தத் தொடக்கத்தை மட்டுமே பார்த்தார், 1728-இல் இறந்தார். அவர் விட்டுச் சென்ற மிகப் பெரிய சொத்து அவருடைய வரைபடங்கள். ஒவ்வொரு முகப்புக்கும் அளவு, அலங்காரம், சிற்பம் எல்லாம் தெளிவாக வரைந்து வைத்திருந்தார். அடுத்து வந்தவர் தம் விருப்பத்துக்கு மாற்றியிருந்தால் இன்று நான்கு பக்கமும் நான்கு காலத்துக்குரிய கட்டடமாக இருந்திருக்கும்.

அடுத்து வந்தவர் கார்ல் ஹோர்லெமன். பெயரளவில் மேலதிகாரியாக இருந்தவர் தெசீனின் மகன் கார்ல் குஸ்தாவ். வேலையை நடத்தியவர் ஹோர்லெமன். 1700-இல் பிறந்த அவர், பாரிஸில் பயின்றவர். அவர் செய்த தேர்வு நேர்மையானது: வெளித்தோற்றத்தில் தெசீனின் வரைபடத்தைத் தாண்டவில்லை, உள்ளே தம் காலத்துப் பிரெஞ்சு ரொக்கோக்கோ பாணியைக் கொண்டுவந்தார். வடவரிசையின் உள்ளலங்காரம் 1690-களின் கனமான பாணியில் இருக்க, மற்ற பகுதிகள் மெல்லிய வளைவுகளும் வெளிர்நிறமும் கொண்டவையாக இருப்பது இதனால்தான். 1732 முதல் பாரிஸிலிருந்து மறுபடியும் ஒரு கூட்டம் கலைஞர்கள் வந்தார்கள். ஓவியர் கியோம் தாமா தராவால், சிற்பி ஷாக் பிலிப் பூஷார்தோன் அவர்களில் பெயர் பெற்றவர்கள். நூற்றுக்கணக்கான உள்ளூர்க் கொத்தர்களும் கல்தச்சர்களும் மரவேலைக்காரர்களும் இவர்களிடம் புதிய வேலை முறைகளைக் கற்றார்கள். தராவால் நடத்திய ஓவியப் பள்ளி 1735-இல் தொடங்கியது; இன்றைய அரச கலைக்கழகத்தின் தொடக்கம் அதுவே. ஒரு கட்டட வேலை நாட்டின் கைத்திறனையே உயர்த்தியதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை. பக்கத்தில் நின்ற பழைய பெரிய தேவாலயத்தின் வெளிச்சுவர்கள்கூட இக்காலத்தில் அரண்மனைக்கு ஒத்துப்போகும்படி புதுப்பிக்கப்பட்டன.

ஹோர்லெமனின் கையை முழுமையாகக் காட்டும் இடம் தெற்கு வரிசை. தெற்கு வாசலில் நுழைந்தால் ஒரு பக்கம் அரசவைக் கூடம், எதிர்ப்பக்கம் அரண்மனைத் தேவாலயம். இரண்டையும் எதிரெதிரே வைத்தது தெசீனின் திட்டம். அரியணையும் பலிபீடமும் ஒன்றையொன்று பார்த்து நிற்கும். உள்ளமைப்பு ஹோர்லெமனுடையது. தேவாலயத்தின் விதானத்தில் தராவால் வரைந்த ஓவியம்: கிறிஸ்து வானுக்கு எழுகிறார், விளிம்புகளில் முகில்கள் சுவர்மேல் வழிகின்றன. எதிரே அரசவைக் கூடம் வெள்ளைத் தூண்களோடு ஏறக்குறைய வெறுமையாக இருக்கிறது. கண் நேராகப் போய் நிற்பது அதன் கோடியில் உள்ள வெள்ளி அரியணையில். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஆபிரகாம் திரெந்த்வெத் செய்தது அது. கிறிஸ்டினாவின் 1650-ஆம் ஆண்டு முடிசூட்டு விழாவுக்காகப் பிரபு மாக்னுஸ் கப்ரியேல் த லா கார்தி அளித்த பரிசு. 1697-இன் தீயிலிருந்து தப்பிய அரும்பொருள்களில் இதுவும் ஒன்று. நாடாளுமன்றக் கூட்டத்தொடரை அரசர் இந்த அரியணையில் அமர்ந்து தொடங்கிவைக்கும் வழக்கம் 1975 வரை நீடித்தது.

ஹோர்லெமன் 1753-இல் இறந்தார். கார்ல் யோஹான் குரோன்ஸ்டெட் பொறுப்பேற்றார். 1754 டிசம்பரில் அரசர் அடால்ப் பிரெட்ரிக்கும் அரசி லொவீசா உல்ரிக்காவும் ரங்கேல் மாளிகையிலிருந்து அரண்மனைக்குக் குடிவந்தார்கள். தீ நடந்து 57 ஆண்டுகள் ஆகியிருந்தன. வேலை தொடங்கியபோது அரசராக இருந்த பன்னிரண்டாம் கார்ல் இதில் ஒரு நாளும் வாழவில்லை. அவர் தங்கை உல்ரிக்கா எலியனோராவும், 1751-இல் இறந்த உல்ரிக்காவின் கணவர் பிரெட்ரிக் அரசரும் வாழவில்லை. இடையில் நாட்டின் நாட்காட்டிகூட மாறிவிட்டது. 1753-இல்தான் ஸ்வீடன் கிரிகோரிய முறையை ஏற்றது. அரண்மனையை வரைந்தவரும் உயிரோடு இல்லை, வேலையை நடத்தியவரும் இல்லை. குடிபுகுந்த நாளில் எஞ்சிய வேலையும் கொஞ்சமல்ல. கடைசிப் பகுதிகள் முடிய 1770-களின் தொடக்கம் ஆயிற்று. சிங்கங்கள் நிற்கும் வடக்குச் சாய்தளம் முழுமையடைந்தது 1830-ஐ ஒட்டி.

அதன் பிறகு வந்தவை பெரும்பாலும் அறை மாற்றங்கள். மூன்றாம் குஸ்தாவ் 1770-களில் ஜான் எரிக் ரேனைக் கொண்டு அரச படுக்கையறையை அமைத்தார். 1792 மார்ச்சில் ஓபெரா அரங்கில் நடந்த முகமூடி நடன விழாவில் சுடப்பட்டு, 13 நாள் கழித்து அந்த அறையிலேயே உயிரைவிட்டார். அவர் இத்தாலியில் சேகரித்த பளிங்குச் சிலைகள் அவர் நினைவாக 1794-இல் அரண்மனைச் சிறகு ஒன்றில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. ஐரோப்பாவின் மிகப் பழைய பொது அருங்காட்சியகங்களில் அது ஒன்று. தீயில் குலைந்த அரச நூலகமும் அரண்மனைக்குத் திரும்பி வந்திருந்தது. 1870-களின் இறுதியில்தான் ஹூம்லெகோர்தன் பூங்காவில் சொந்தக் கட்டடத்துக்குப் போனது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இரண்டாம் ஆஸ்கர், தெசீன் வரைந்து வைத்தும் செய்யப்படாமல் இருந்த முகப்புச் சிற்பங்களை நிறைவேற்றினார். இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் பழைய தாள்களைப் புரட்டிப் பார்த்து வேலை நடந்திருக்கிறது.

இன்றைய கணக்கில் அரண்மனையில் 1,430 அறைகள். அவற்றில் 660 அறைகளுக்குச் சன்னல் உண்டு. அரச குடும்பம் 1981-இல் டிராட்னிங்ஹோமுக்குக் குடிபோனாலும், அரசரின் அலுவலகமும் அரச விழாக்களும் இங்கேதான். வடவரிசையின் நிலவறையில் 1999-இல் ‘த்ரே குரோனூர்’ அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இடைக்கால மதிலின் 5 மீட்டர் தடிப்புள்ள பகுதியை அங்கே நேரில் காணலாம். தெசீனின் சுவர் எந்த மதிலின்மேல் ஏறி நிற்கிறது என்பது அங்கே போனால் விளங்கும்.

தெசீனின் திட்டத்தில் காலம் பழுது கண்டது ஒரே இடத்தில்: கல்லில். முகப்பு அலங்காரங்களுக்குப் பயன்பட்ட கோத்லாந்து தீவின் மணற்கல் செதுக்க எளிது. ஆனால் வடநாட்டு மழையும் பனியும் உறைந்து உருகும்போது அது உதிர்கிறது. சிற்பத் துண்டுகள் கீழே விழும் அபாயம் வந்ததால், அரண்மனையைப் பராமரிக்கும் அரசுச் சொத்து நிர்வாகம் 2011-இல் முகப்புகளைப் புதுப்பிக்கத் தொடங்கியது. கல் கல்லாக ஆராய்ந்து, பழுதானவற்றை மாற்றி, மற்றவற்றைப் பக்குவம் செய்யும் இந்த வேலை இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்பது திட்டம்.

(தொடரும்)